நான்காவது ஆள்

காணிப்பாக்கத்தின் கதை மூன்று சகோதரர்களிடமிருந்து தொடங்குகிறது. ஒருவருக்குக் கண் தெரியாது. ஒருவருக்குக் காது கேட்காது. மூன்றாமவருக்குப் பேச்சு வராது. துண்டு நிலம் ஒன்றை வைத்துக்கொண்டு, கிணற்றிலிருந்து ஏற்றம் இறைத்துப் பயிர் செய்து வந்தார்கள். ஒரு கோடையில் கிணறு வற்றியது. உள்ளே இறங்கித் தோண்டியபோது கருவி ஒரு கல்லில் பட்டது. கல்லிலிருந்து ரத்தம் பீறிட்டது. ரத்தம் கலந்த அந்த நீர் மேலே பட்டதும் மூவரின் குறையும் நீங்கியது. செய்தி கேட்டு ஊரே திரண்டு வந்து தேங்காய் உடைத்தது. அந்த இளநீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்கிறது தலபுராணம். ஆந்திர மாநிலத்தில், சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் ஊர். பெயரில் உள்ள காணி, தமிழ் விவசாயி நிலம் அளந்த காணிதான். வரசித்தி விநாயகருக்கு இங்கே முதலில் கோயில் எழுப்பியவர் முதலாம் குலோத்துங்க சோழன் என்பார்கள்.

கோயிலையொட்டி ஓடும் ஆற்றுக்குப் பாகுதா என்று பெயர். கையைக் கொடுத்தவள் என்று பொருள். பசி தாங்காமல் பிறர் தோப்பில் மாங்கனி பறித்ததற்காகக் கைகளை இழந்த லிகிதன், இந்த ஆற்றில் மூழ்கி எழுந்ததும் கைகளைத் திரும்பப் பெற்றான் என்பது ஐதீகம். பக்கத்து மண்டலமான தவனம்பல்லியில் இருக்கிறது அரகொண்டா. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது பாதி மலை உடைந்து இங்கே விழுந்தது, அதனால் அர்த்தகிரி, அரகொண்டா என்கிறார்கள். அங்குள்ள ஆஞ்சநேயர் கோயில் குளத்து நீரை நோய் தீர்க்கும் மருந்தாக இன்றும் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள்.

ஒரே வட்டாரத்தில் இத்தனை நோய் தீர்ந்த கதைகள். கதைகளை விட்டுவிட்டு வரைபடத்தை எடுத்தாலும் குறைவில்லை. தெற்கே ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் வேலூர். 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை, சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கும் ஊர். சித்தூரிலும் அதற்கு ஒரு வளாகம் உண்டு. வடகிழக்கே திருப்பதி. அங்கே ருயா அரசு மருத்துவமனை, எலும்பு முறிவுக்கும் உடல் ஊனத்துக்கும் பெயர்பெற்ற தேவஸ்தானத்தின் பிர்ட், 1993ல் தொடங்கிய ஸ்விம்ஸ் என்று வரிசையாக இருக்கின்றன. சித்தூரில் மாவட்ட அரசு மருத்துவமனை. அரகொண்டாவோ, அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர். அங்கேயும் அப்போலோவுக்கு மருத்துவமனை இருக்கிறது. மேற்கே மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம். 1915 முதல் காசநோயாளிகள் தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து தேடி வந்த சானடோரியம்.

இந்தியாவில் எத்தனை கிராமங்களுக்கு இப்படி ஒரு பாக்கியம் வாய்த்திருக்கிறது? எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் அந்தத் திசையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்படியானால் இந்தப் பகுதியின் கிராமத்து மனிதர் நோயிலிருந்து எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறார்?

ஆந்திர மாநிலம் முழுவதற்குமான கணக்கு ஒன்று இதற்கு ஒரு விதத்தில் பதில் சொல்கிறது. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 100 பிரசவங்களில் 96க்கு மேல் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. பேறுகாலச் சாவு வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த காலத்தை நினைத்தால் இது பெரிய சாதனை. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு ஏறக்குறைய 59 பேருக்கு ரத்தசோகை. 2015-16ல் நடந்த முந்தைய ஆய்வில் அது 60.

இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பிரசவம் ஒரு நாள் விஷயம். அந்த நாளில் ஆம்புலன்ஸ் வர வேண்டும், படுக்கை இருக்க வேண்டும், டாக்டர் இருக்க வேண்டும். இவற்றை ஓர் அரசால் ஏற்பாடு செய்ய முடிந்தது. சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே நடக்கிறது. 100 பிரசவங்களில் 42 அறுவை சிகிச்சை என்கிறது அதே ஆய்வு. ரத்தசோகை அப்படியல்ல. அது தினசரி விஷயம். என்ன சாப்பிடுகிறாள், இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, அல்லது குமட்டுகிறது என்று கூரையில் செருகி வைக்கிறாளா என்பதில் அடங்கியிருக்கிறது. அதைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கண் இல்லை.

ரத்தசோகை மட்டுமல்ல. கிராமத்தில் சாவுக்கான காரணங்களே மாறிவிட்டன. கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டங்களில் 45 கிராமங்களில் ஓராண்டில் நடந்த மரணங்களை ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 2006ல் முடிவு வெளியானது. காலராவும் வயிற்றுப்போக்கும் முதலிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சி. ஏறத்தாழ மூன்றில் ஒரு மரணத்துக்கு இதய, ரத்தக்குழாய் நோய்களே காரணம். தொற்றுநோய்களின் பங்கு எட்டில் ஒன்றுதான். மாரடைப்பும் பக்கவாதமும் பட்டணத்துப் பணக்காரர்களின் நோய் என்ற எண்ணம் அதோடு போயிற்று. அந்த ஆய்வு நடந்தது கோதாவரிக் கரையில் என்றாலும், பாகுதாக் கரையில் நிலைமை வேறாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

ஓர் உதாரணத்துக்கு, ஐராலா மண்டலத்துக் கிராமம் ஒன்றில் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளலாம். மாந்தோப்பிலும் கரும்புத் தோட்டத்திலும் கூலி வேலை. மகன் பெங்களூரில், மகள் திருவள்ளூர்ப் பக்கம். இரண்டு வருடம் முன்பு ஏதோ ஒரு முகாமில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முதல் மாதம் போட்டாள். தலைசுற்றல் நின்றது. தலைசுற்றல் நின்ற பிறகு மாத்திரை எதற்கு? விட்டுவிட்டாள். மறுபடி தலை சுற்றினால் நான்கு மாத்திரை வாங்கிக்கொள்வாள். அவளுக்கு அது காய்ச்சல் மாத்திரை போலத்தான். நோய் தெரிந்தால் மருந்து, தெரியாவிட்டால் இல்லை.

சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை இலவசம். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு மாநிலத்துக்குள் பஸ் கட்டணமும் கிடையாது. ஆனால் ஒரு நாள் கூலி போகும். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மாதந்தோறும் அப்படி ஒரு நாளை, உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாதபோது, யார் விடுவார்கள்? இவளுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. கூலி நாட்களில்தான் அளக்க வேண்டும்.

அந்தத் தூரத்தைக் குறைக்க முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. உண்மையில், நாட்டிலேயே முதன்முதலாக நடந்த முயற்சிகளில் ஒன்று இதே வட்டாரத்தில்தான் நடந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் 24. இந்தியா வந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன், ஹைதராபாத்திலிருந்தபடி அரகொண்டாவின் டெலிமெடிசின் மையத்தைத் தொடங்கி வைத்தார். கிராமத்து மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயும் இ.சி.ஜி.யும் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை நிபுணரின் திரைக்குப் போகும்; அவர் நோயாளியோடு நேருக்கு நேர் பேசுவார். செல்போனே பலர் கண்ணில் படாத காலம் அது. சஞ்சீவி மலையின் பாதி விழுந்த ஊருக்கு மீதிப் பாதியும் வந்துவிட்டது போலிருந்தது.

இருபது ஆண்டுகளில் அந்த யோசனை நாடு முழுவதும் பரவியது. 2019ல் மத்திய அரசு தொடங்கிய தொலைமருத்துவச் சேவைக்கு வைத்த பெயரும் இ-சஞ்சீவனிதான். 2023 பிப்ரவரிக்குள் அதன் வழியே 10 கோடி ஆலோசனைகள் நடந்திருந்தன. அதை மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலங்களில் ஆந்திரம் முன்வரிசையில் நின்றது. துணை நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ், கிராமத்து நோயாளியைத் திரைக்கு முன் உட்கார வைத்துத் தொலைவிலிருக்கும் டாக்டரிடம் காட்டுகிறார். கொரோனா காலத்தில் இது எத்தனை பேருக்குக் கை கொடுத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் திரையில் வந்தார். அதற்கு முன்பே ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. 108 சேவை 2005 ஆகஸ்ட் 15ல் பிறந்தது ஆந்திரத்தில்தான். பிற மாநிலங்கள் பின்னால் எடுத்துக்கொண்டன. 2007ல் ஆரோக்கியஸ்ரீ வந்தது. இதய அறுவை சிகிச்சை, புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு என்று நிலத்தை விற்க வைக்கும் நோய்களுக்கு, ஏழைக் குடும்பம் கையிலிருந்து காசு கொடுக்காமல் தனியார் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற வழி பிறந்தது. 2019ல் இந்தத் திட்டம் ஹைதராபாத், பெங்களூர், சென்னை மருத்துவமனைகள் சிலவற்றுக்கும் நீட்டப்பட்டது. திட்டத்தின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறினாலும் ஏழைக்கு அதன் பயன் மாறவில்லை. இதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் இந்த மூன்றும், ஆம்புலன்ஸும் அட்டையும் திரையும், ஒரு விதத்தில் ஒன்றுபோல இருக்கின்றன. நோயாளி அழைத்தால்தான் இவை அசையும். 108ஐ ஒருவர் கூப்பிட வேண்டும். அட்டையை ஒருவர் நீட்ட வேண்டும். திரைக்கு முன் ஒருவர் வந்து உட்கார வேண்டும். ஐராலாப் பெண்ணுக்குத் தலை சுற்றவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை. அவள் யாரையும் அழைக்கப் போவதில்லை. ரத்த அழுத்தம் மட்டும் உள்ளே இருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் வாய் கோணிக் கை விழுந்துவிட்டால் அப்போது எல்லாமே வரும். ஆம்புலன்ஸ் வரும். அட்டை செல்லும். ஸ்கேன் எடுப்பார்கள். உயிர் பிழைக்கவும் கூடும். மாங்காய் பறித்த கை திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று. நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒன்று. மருந்து ஒன்று. நான்காவதாக அவர் சொல்வது, நோயாளியின் அருகிலேயே இருந்து கவனிப்பவர். உழைச்செல்வான் என்பது அவர் ஆளும் சொல். உழை என்றால் பக்கம், அருகு. உரையாசிரியர்கள் இந்த ஆளுக்கும் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். வடமொழி மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. இரண்டு மரபுகளிலும் மருத்துவருக்கும் மருந்துக்கும் சமமான இடம் அந்த நான்காவது ஆளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முன்பெல்லாம் இந்த ஆள் வீட்டிலேயே இருந்தார். மருமகளோ மகளோ தங்கையோ. கஷாயம் வைத்து, பத்தியம் பார்த்து, வேளைக்கு எழுப்பி விழுங்க வைத்தவர். அதற்குக் கூலியும் கிடையாது, பெயரும் கிடையாது. இன்று சித்தூர் மாவட்டக் கிராமங்களில் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் திருப்பதிக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது வயதானவர்கள். இருவர் இருந்தால் இருவருக்குமே சர்க்கரை, இருவருக்குமே ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரிகள் பெருகிய அதே காலத்தில் வீட்டிலிருந்த நான்காவது ஆள் காணாமல் போயிருக்கிறார்.

அந்த ஆளை வெளியிலிருந்து கொண்டுவர முடியுமா? முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சிகள் உண்டு. சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே விட்டு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு ஆள் போய்ப் பார்த்தது. 1959ல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். நல்ல காற்றும் நல்ல படுக்கையும் செய்ததைவிட, மாத்திரை தவறாமல் உள்ளே போனது அதிகம் செய்தது. ஆரோக்கியவரம் போன்ற சானடோரியங்களின் யுகம் முடிந்ததற்கு அந்தச் சென்னை ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பாங்கும் டாக்டர் ராணி பாங்கும் செய்தது இன்னொன்று. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்க வைத்தார்கள். எடை பார்ப்பது, கதகதப்பாக வைப்பது, தொற்று கண்டால் மருந்து கொடுப்பது. அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999ல் லான்செட் இதழில் அவர்கள் எழுதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. வேலூரின் சி.எம்.சி.யும் பெரிய கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. ஐடா ஸ்கடர் காலத்திலேயே சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்க்கும் வழக்கம் இருந்தது. பின்னால் காணியம்பாடி வட்டாரத்தில் கிராமப் பெண், உதவியாளர், நர்ஸ், டாக்டர் என்று படிப்படியாக ஒருவரை ஒருவர் சந்தித்து, ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிந்து வரும் முறை உருவானது.

எல்லாவற்றிலும் அண்மையானது பக்கத்திலேயே இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கிருஷ்ணகிரி. அந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ல் தமிழக அரசு தொடங்கியதுதான் மக்களைத் தேடி மருத்துவம். மகளிர் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணைத் தேடி மாத்திரை போகிறது. இந்தப் பக்கம் இருப்பவள் மாத்திரையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஆந்திரத்தில் ஆளே இல்லை என்று சொன்னால் அது பிழை. 2005ல் தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆஷாப் பணியாளர்களைக் கொண்டுவந்தது. ஆந்திர அரசு 2,500 பேருக்கு ஒரு கிராம மருத்துவ நிலையம் என்று வகுத்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய குடும்ப டாக்டர் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே மாதம் இருமுறை கிராமத்துக்கு வண்டியில் வருவது என்று ஏற்பாடு. காகிதத்தில் இந்த ஏற்பாட்டுக்குக் குறை சொல்வதற்கில்லை. வள்ளுவரின் நான்கு பேரும் அதில் இருக்கிறார்கள்.

ஆனால் ஆஷாவின் ஒரு நாளைப் பார்த்தால் நான்காவது ஆளுக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் தெரியும். கர்ப்பிணிகளைப் பதிவது அவர். தடுப்பூசிக்குக் குழந்தைகளைக் கூட்டி வருவது அவர். காசநோயாளிக்கு மாத்திரை, கொசு ஒழிப்பு, கணக்கெடுப்பு, செல்போனில் ஒவ்வொரு செயலியாகத் திறந்து பதிவு, எல்லாம் அவர்தான். ஆந்திரத்தில் அவர்களுக்கு 2019ல் மாதம் 10,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, கௌரவ ஊதியம். மகப்பேறு விடுப்பும் பணிக்கொடையும் அறிவிக்கப்பட்டது 2025ல். கர்ப்பிணிகளைக் கவனிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட பெண்ணுக்குத் தன் பிரசவத்துக்கு விடுப்பு கிடைக்க இருபது வருடம் ஆகியிருக்கிறது. இடையில் 2022ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு விருது கொடுத்தது. கௌரவத்துக்குப் பஞ்சமில்லை.

ஆஷாவின் கையில் ஒரு கம்ப்யூட்டர் பலகையைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. மேற்கு கோதாவரியில் ஆஷாக்களுக்குப் பலகை கொடுத்து, மாரடைப்பு ஆபத்து அதிகம் உள்ளவர்களைக் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்பச் சொன்னார்கள். 2019ல் வெளியான முடிவின்படி, டாக்டரைப் பார்க்கப் போனவர்கள் கூடினார்கள். ஆனால் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதில், அந்தத் திட்டம் நடந்த கிராமங்களுக்கும் நடக்காத கிராமங்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இந்த முடிவை நான்காவது ஆளால் பயனில்லை என்று படிப்பது தவறாகும். ஆஷா கண்டுபிடித்து அனுப்பினால் அங்கே டாக்டர் இருக்க வேண்டும். டாக்டர் எழுதினால் மாத்திரை இருக்க வேண்டும். மாத்திரை இருந்தால் அது அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் வீட்டில் இருக்க வேண்டும். அனுப்பிவைப்பது தரகர் வேலை. அருகிருந்து கவனிப்பது வேறு வேலை. 2017 இறுதியில் தெலங்கானா உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்தப் பாடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே எளிய மருந்து முறை. ஒரு தடவைக்கு முப்பது நாள் மாத்திரை. வீட்டுக்கு அருகிலேயே நர்ஸ் அளந்து பார்ப்பது. வராதவரைத் தேடிப் போவது. இதில் புதுமையான கருவி எதுவும் இல்லை.

சித்தூர் வட்டாரத்துக்கு வேண்டியதும் அதிகமில்லை. கிராம மருத்துவ நிலையத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் ஒரு நாளும் தீராமல் இருக்க வேண்டும். நோயாளிக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாத்திரை வாங்க வராதவரின் பெயர் ஒரு பட்டியலில் ஏறி, அந்த வாரமே யாராவது அவர் வீட்டுப் படியேற வேண்டும். அந்த யாராவது ஒருவருக்கு அதுவே முதன்மையான வேலையாக இருக்க வேண்டும். பதினைந்து வேலைகளில் பதினாறாவதாக இருக்கக் கூடாது. வேலைக்கு உரிய சம்பளம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இது இருமொழி வட்டாரம். 1911ல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953ல் ஆந்திரத்துக்குப் போயிற்று. 1960ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் நோயாளிகளின் பாதை நகரவில்லை. தெலுங்கு பேசுகிறவர் வேலூருக்கும், தமிழ் பேசுகிறவர் திருப்பதிக்கும் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருபவரின் பையில் ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில், எதை நிறுத்தக் கூடாது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும். பல லட்ச ரூபாய் சிகிச்சை வீணாகாமல் இருப்பது சில சமயம் அந்த ஐந்து நிமிடப் பேச்சில்தான் இருக்கிறது.

காணிப்பாக்கம் கோயிலில் சத்தியப் பிரமாணம் புகழ்பெற்றது. பங்காளிச் சண்டை, கடன் வழக்கு முதல் அரசியல்வாதிகளின் சவால் வரை விநாயகர் சன்னிதிக்கு வந்துவிடும். இங்கே பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சுவார்கள். குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்ய வருகிறவர்களும் உண்டு. குளித்து, ஈர வேட்டியோடு நின்று சொல்லிவிட்டு வீடு திரும்புவார்கள். சத்தியம் செய்ய ஒரு காலை போதும். அதைக் காப்பாற்றுவது மறுநாள் மாலையிலிருந்து, ஒவ்வொரு மாலையும், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில். அந்த மாலைகளில் கூட இருந்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலான சத்தியங்கள் நிற்கின்றன, அல்லது உடைகின்றன. இதை ஒவ்வொரு குடும்பமும் அறியும்.

தலபுராணத்து மூன்று சகோதரர்களும் அற்புதம் நிகழும்வரை சும்மா இருக்கவில்லை. கண் இல்லாதவருக்கு மற்றவர் கண்ணாக, காது கேளாதவருக்கு மற்றவர் காதாக இருந்து, ஏற்றம் இறைத்துப் பயிரை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கிணறு வற்றிய கோடை வரைக்கும் அவர்களைக் காப்பாற்றியது அதுதான். ஐராலாப் பெண்ணுக்கு அற்புதம் ஒன்றும் தேவையில்லை. மாதம் ஒரு நாள், அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வாசலில் ஒருத்தி வந்து நின்று, "என்ன அத்தை, மாத்திரை தீர்ந்திருக்குமே?" என்று கேட்டு, கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.